உப்பு போடாத பாத்திரம்

4-2-2025, செவ்வாய்

எழுத்து கோணலும் மாணலுமாக இருக்கிறது. பொறுத்துக்கொள்ள வேண்டும். யாரிடம் கேட்கிறேன் என்றால் என்னிடமே, ஏனென்றால் இதைத் திரும்பப் படிக்கப்போவது நான் ஒருவன்தான். முதல் வரி மேலே ஏறுகிறது, இரண்டாவது கீழே சரிகிறது. பென்சிலை அழுத்திப் பிடித்ததில் மூன்று விரலும் மரத்துவிட்டன. 'ழ' போடும்போது என் நாக்கு வெளியே வந்து நிற்கிறது என்று வடிவு சிரிக்கிறாள். இவ்வளவு எழுத அரை மணி நேரம். அந்த நேரத்தில் எண்பது தோசை சுட்டவன் நான்.

என் பெயர் கோமதிநாயகம். வயது எழுபத்தொன்று. தம்பானூர் ஹோட்டல்களில் நாற்பது வருஷம் தோசை மாஸ்டர். முட்டி தேய்ந்து இப்போது வீட்டில். வீடு கரமனை ஆற்றோரம், வரிசையில் மூன்றாவது. மனைவி பெயர் வடிவம்மாள். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் எழுதி, எழுதினதைப் படித்தால், வேறு யாரோ என்னைப் பற்றிச் சொல்கிற மாதிரி இருக்கிறது. நன்றாக இருக்கிறது.

6-2, வியாழன்

இன்று படம் வரையும் வகுப்பு. முயல் வரைந்தேன். பூனை நன்றாக இருக்கிறது என்று ஷீனா சொன்னாள்.

இந்த வகுப்புக்கு வந்த கதையை எழுதி வைக்கிறேன். போன அக்டோபரில், மூளை ஆராய்ச்சி நிலையத்தில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிற இந்த மலையாளப் பெண் ஷீனா, எழுதப் படிக்கத் தெரியாத வயதானவர்களைத் தேடிக்கொண்டு வந்தாள். எல்லாரும் பள்ளிக்கூடம் போன இந்த மலையாள ஊரில் அப்படி ஆள் கிடைப்பது கஷ்டமாம். அதனால் அந்தக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த எங்களைப் போன்றவர்களைத் தேடியிருக்கிறாள். எழுத்து தெரியாது என்பதற்காக என்னைத் தேடி வந்த முதல் ஆள் அவள்தான்.

மூளைக்கு மேலே தோல் மாதிரி ஒன்று இருக்கிறதாம். புறணி என்று பெயர். பேசுவது, நினைப்பது, பார்த்ததை இன்னது என்று அறிவது எல்லாம் அதில்தான் நடக்கிறதாம். என்ன கனம் என்று கேட்டேன். விரலால் காட்டினாள். ஊத்தப்பக் கனம் இல்லை, கல்தோசைக் கனம். விரித்தால் ஒரு தினசரிப் பேப்பர் அகலம் வரும், மண்டைக்குள் அடங்க வேண்டும் என்று மடித்து மடித்து வைத்திருக்கிறது என்றாள். பிறக்கும்போது அதில் எழுத்துக்கென்று இடம் கிடையாதாம். படிக்கப் படிக்க, முகங்களை அடையாளம் காணும் இடத்துக்குப் பக்கத்தில் எழுத்தும் வந்து இடம் பிடிக்குமாம். கிழடான பிறகு படித்தாலும் பிடிக்குமா? அதைத்தான் அவள் பார்க்கிறாள். பக்கவாதம் வந்து படிப்பு மறந்துபோகிறவர்களுக்குத் திரும்பக் கற்றுக்கொடுக்க, பின்னால் இது உதவுமாம்.

அப்படியானால் வடிவின் முகம் எனக்கு மறந்துபோகுமா என்று கேட்டேன். "போகாது அண்ணாச்சி. முகம் கொஞ்சம் வலது பக்கமா நீங்கி இருக்கும், அத்ரதான்" என்றாள். அவ்வளவுதான் என்பதை அவள் அப்படித்தான் சொல்வாள்.

மொத்தம் முப்பது பேர். குழாய் போன்ற மிஷினில் படுக்கவைத்து எல்லார் தலையையும் படம் எடுத்தார்கள். என் வெள்ளி அரைஞாணைக்கூட அவிழ்க்கச் சொன்னார்கள். பிறகு சீட்டுக் குலுக்கினார்கள். பதினைந்து பேருக்கு முதல் ஆறு மாதம் எழுத்து வகுப்பு. மற்ற பதினைந்து பேருக்குப் படம் வரையும் வகுப்பு, எழுத்து அதற்குப் பிறகு. எனக்குப் படம் விழுந்தது. ஏப்ரல் கடைசியில் எல்லாருக்கும் மறுபடி மிஷின். அதுவரை எழுத்து படிக்கமாட்டேன் என்று ஒரு காகிதத்தில் விரல் வைத்தேன்.

சரி, முதல் பந்திக்கு இலை போட்டாயிற்று, நமக்கு இரண்டாம் பந்தி என்றுதான் நினைத்தேன். பசியோடு நிற்கிறவன் ஒரு அப்பளத்தை எடுத்துக் கடித்தால் குற்றமா?

9-2, ஞாயிறு

நான் வேண்டுமென்று படிக்கவில்லை. இதை எழுதி வைக்க வேண்டும்.

போன நவம்பரில் ஒரு நாள், கண்ணில் பட்டதை வரையச் சொன்னாள் ஷீனா. என் கண்ணில் பட்டது தம்பானூரில் நிற்கிற தமிழ்நாட்டு பஸ். பஸ்ஸை வரைந்தால் அதன் நெற்றியில் இருக்கும் போர்டையும் வரைய வேண்டாமா? சுழியும் வளைவும் புள்ளியுமாக, கோலம் போடுகிற மாதிரி பார்த்துப் பார்த்து வரைந்தேன். வீட்டுக்கு வந்து வடிவிடம் காட்டினேன். அவள் அஞ்சாவது வரை படித்தவள். "ஏயப்பா, நாகர்கோவில்னுல்லா போட்டிருக்கிய!" என்று கத்தினாள். எனக்கு மயிர்க்கால் எல்லாம் நட்டுக்கொண்டது. நான் வரைந்த படம் பேசிவிட்டது.

அடுத்த வாரம் கோவில்பட்டி வழியாகப் போகிற பஸ். அதில் பாதி எனக்கு ஏற்கெனவே தெரிந்த படம். அதற்குப் பிறகு என்னைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லை.

ஷீனாவுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்கத் தெரியாது. எழுத்து வகுப்புக்கு வேறு டீச்சர் வருகிறார். அதனால் என் பஸ் படங்களுக்கெல்லாம் ஷீனா தேதி போட்டு, நட்சத்திரமும் போட்டுத் தந்தாள்.

16-2, ஞாயிறு

இன்று தம்பானூரில் பழைய ஹோட்டலுக்குப் போனேன். தோசைக்கல்லுக்குப் பின்னால், குழாய்க்கு மேலே, தமிழ் முதலாளி எழுதி மாட்டின ஒரு தகரப் பலகை. இருபத்திரண்டு வருஷம் அதற்கு முதுகைக் காட்டி நின்றிருக்கிறேன். இன்று படித்தேன். "இங்கே கை கழுவக் கூடாது."

இருபத்திரண்டு வருஷமும் நான் அங்கேதான் கை கழுவினேன். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மாஸ்டரிடம் யார் சொல்வது? தனியாக நின்று சிரித்ததில் புரைக்கேறிவிட்டது.

20-2, வியாழன்

இன்று மனது சரியில்லை.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிற ரத்னாபாய் ஷீனாவிடம் கேட்டாள். கொத்தனாருக்குக் கையாளாக நாற்பது வருஷம் கல் சுமந்தவள், எதையும் நேராகக் கேட்பாள். "எல்லாருக்கும் ஒண்ணாவே எழுத்துச் சொல்லித் தந்தா என்ன மோளே? எங்கள எதுக்குக் காக்க வைக்கிய?"

ஷீனா சொன்னாள்: "நீங்க காத்திருக்கிறதுதான் வேலை, ரத்னாம்மா. ஆறு மாசத்தில வயசாகும், மழை வரும், பனி வரும், எல்லாம் தலையில மாறும். எழுத்தால மட்டும் என்ன மாறிச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? எழுத்து படிக்காத உங்க தலையைப் பக்கத்தில வச்சுப் பார்த்தால்தானே தெரியும்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரே மாவை இரண்டு பாத்திரத்தில் ஊற்றி, ஒன்றில் உப்பு போட்டு, ஒன்றில் போடாமல் வைத்துப் பார்ப்பது. எது எப்படிப் புளிக்கிறது என்று அப்போதுதான் தெரியும். இது பந்தி இல்லை. நான் உப்பு போடாத பாத்திரம்.

அந்தப் பாத்திரத்தில் நான் உப்பைக் கொட்டிவிட்டேன். அதோடு விட்டேனா? என் படத்தைப் பார்த்து "இது என்னது அண்ணாச்சி" என்று கேட்ட ரத்னாபாய்க்கும் சொல்லிக்கொடுத்தேன். இந்தப் பக்கம் உட்காருகிற திரவியத்துக்கும். பதினைந்தில் மூன்று பாத்திரம். ஷீனாவுக்கு இது நாலு வருஷப் படிப்பு.

21-2, வெள்ளி

தினமும் எழுத்துக்கூட்டிப் படிக்கிற தமிழ்ப் பேப்பரை இன்று தொடவில்லை.

23-2, ஞாயிறு

படிக்காமல் இருந்து பார்க்கலாம் என்று நினைத்தேன். ஏப்ரலுக்குள் மறந்துவிட்டால் நல்லதுதானே? முடியவில்லை. காலண்டரைப் பார்த்தால் நான் கேட்காமலே கண் 'ஞாயிறு' என்கிறது. தீப்பெட்டி, ஊதுபத்திக் கூடு, கட்டிக்கொண்டு வந்த பேப்பர்த் துண்டு, எல்லாம் வாயைத் திறந்துவிட்டன. இனி மூட வழியில்லை. பேசாத காலத்தில் இவை எப்படி இருந்தன என்று நினைத்துப் பார்க்கிறேன். அதுகூட வரவில்லை.

என் தலை பொய் சொல்லாது. மிஷினில் படுத்தால் தெரிந்துவிடும். தெரியாமல் போனால் அது இன்னும் மோசம். தப்பான கணக்கை அவள் சரி என்று எழுதிக்கொள்வாள். பக்கவாதம் வந்த யாருக்கோ அதை நம்பி வைத்தியம் செய்வார்கள்.

சொல்லத்தான் வேண்டும்.

27-2, வியாழன்

வகுப்பு முடிந்து பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேரிடமும் சொன்னேன். திரவியம் சாலைச் சந்தையில் மூட்டை தூக்கினவர். அவர் மெதுவாகப் பேசினாலே நாலு கடைக்குக் கேட்கும்.

"உமக்கு என்ன வே, கிறுக்கா? மூணு பேரும் வாயப் பொத்திட்டுப் படுத்து எந்திரிச்சா தீந்துது."

"வாயப் பொத்தலாம். மண்டைய எத வச்சுப் பொத்த?"

"எனக்குத் தெரிஞ்சது பதினாலு எழுத்து. அத எந்த மிஷின் வே கண்டுபிடிக்கும்? நீரு முழுசாப் படிச்சு முடிச்சிட்டீரு. இப்ப வந்து யோக்கியம் பேசுதீரு. எங்க வகுப்பக் கெடுத்துப் போடாதயும்."

அது சுருக்கென்று தைத்தது. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நான் சாப்பிட்டு முடித்துவிட்டேன்.

ரத்னாபாய் கேட்டாள்: "சொன்னா நம்மள வெளியாக்கிருவாவளா அண்ணாச்சி?"

"தெரியலம்மா. ஆக்குனாலும் ஆக்குவாவ."

பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். பிறகு, "எம் பேர எழுதப் படிச்சிட்டேன். அத உருவிக்கிட முடியாதுல்லா? நானும் வாறேன்" என்றாள்.

திரவியம் பஸ் வந்ததும் திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போனார்.

1-3, சனி

அப்படியும் எனக்குத் தயக்கம். அடுத்த வாரம் சொல்லலாமா, மிஷினுக்கு முந்தின நாள் சொல்லலாமா என்று வடிவிடம் கேட்டேன்.

"ஊசிப்போன சட்னின்னு தெரிஞ்சா எலையில ஊத்துவியளா?"

"மாட்டேன்."

"அந்தப் பிள்ளைக்கு மட்டும் எதுக்கு ஊத்தப் பாக்குதிய?"

சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். என் குற்றத்தில் பாதி அவளுடையது. எழுத்தைச் சொன்னவள் அவள். அதைச் சொன்னால் அடி விழும்.

6-3, வியாழன்

சொல்லிவிட்டேன்.

ஷீனா முதலில் நம்பவில்லை. "அண்ணாச்சி சும்மா பறயாதே, விளையாடாதீங்க" என்று சிரித்தாள். மேஜைமேல் எழுத்து டீச்சர் விட்டுப்போன தமிழ்ப் பேப்பரை எடுத்து முதல் பத்தியைப் படித்துக் காட்டினேன். மெதுவாகத்தான், ஆனால் தடுக்காமல். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

என் படநோட்டை எடுத்துப் புரட்டினாள். நவம்பர் பஸ், டிசம்பர் பஸ், ஜனவரி பஸ். நவம்பரில் தலைகீழாக இருந்த சுழி ஜனவரியில் நேராகிவிட்டது.

"இதுக்கெல்லாம் நான் ஸ்டார் இட்டிருக்கேனே அண்ணாச்சி! எனக்கு இது வாசிக்கத் தெரியாது. டிசைன்னு நினைச்சேன்."

"தப்பு என்னோடது மோளே."

"படிச்சது தப்பில்ல. என்கிட்ட…" என்று தொடங்கினாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ரத்னாபாயும் தன் பெயரை ஒரு காகிதத்தில் எழுதி அவள் முன்னால் வைத்தாள். அதைப் பார்த்ததும் ஷீனாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது.

வேறு யாருக்கும் தெரியுமா என்று கேட்டாள். நான் என்னைப் பற்றி மட்டும் சொல்ல வந்தேன், மற்றவர்களை நீயே கேள் என்றேன். திரவியம் மூலையில் யானை வரைந்துகொண்டிருந்தார். தலையைத் தூக்கவே இல்லை.

13-3, வியாழன்

ஆற்றுகால் அம்மன் கோவில் பொங்கல். ஊர் முழுக்க செங்கல் அடுப்பும் புகையும். வடிவும் தெருவில் பொங்கினாள். வகுப்பு இல்லை. ஷீனாவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

20-3, வியாழன்

படக்காரர்கள் பதினைந்து பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, எழுத்து அட்டை காட்டிச் சோதித்தார்கள். தெரிந்தாலும் சொல்லாமல் இருப்பது என்று திரவியம் உறுதியாகத்தான் உள்ளே போயிருக்கிறார். மூன்றாவது அட்டை வரைக்கும் "தெரியாது, தெரியாது" என்றாராம். நாலாவது அட்டையைக் காட்டியதும், "இது நம்ம திரவியத்துக்கு உள்ள 'தி'லா!" என்று வாய் முந்திக்கொண்டது. வெளியே வந்து என்னைப் பார்த்து, "சொந்தப் பேரக் கொண்டு வந்து காட்டுனா மனுசன் என்ன வே செய்வான்?" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். மூன்று வாரத்துக்குப் பிறகு.

ஷீனாவுக்கு மேலே இருக்கிற பெரிய டாக்டர் முடிவு சொல்லிவிட்டார். நாங்கள் மூன்று பேரும் ஆராய்ச்சியில் இல்லை. புதிதாக மூன்று பேரைச் சேர்த்து, அவர்களுக்கும் ஆறு மாதம் ஓடிய பிறகுதான் ஷீனா கணக்கை முடிக்க முடியும். இந்த வருஷம் முடிய வேண்டிய அவள் படிப்பு அடுத்த வருஷத்துக்குப் போய்விட்டது. என்னால்தான்.

நீக்குவதற்கு ஒரு காகிதம். தமிழில் அடித்திருந்தது. டீச்சர் வாசித்துக் காட்டுகிறேன் என்று கையை நீட்டினார். நானே படிக்கிறேன் என்றேன். இருபது நிமிஷம் ஆயிற்று. எல்லாரும் காத்திருந்தார்கள். 'விலக்கப்படுகிறார்' என்ற இடத்தில் மூன்று தடவை நின்றேன்.

மை டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு, பேனா கேட்டு வாங்கி, கோமதிநாயகம் என்று எழுதினேன். எழுபத்தொரு வருஷத்தில் எத்தனையோ காகிதத்தில் விரல் வைத்திருக்கிறேன். எதில் என்ன இருந்தது என்று தெரியாது. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட முதல் காகிதம் என்னை வெளியே போகச் சொல்கிற காகிதம். ஆனாலும் படித்துப் பார்த்துப் போட்டேன்.

27-3, வியாழன்

மூன்று பேரை நாங்களே தேடித் தருகிறோம் என்று ஷீனாவிடம் சொன்னேன். அவள் உடனே சரி என்று சொல்லவில்லை.

"அண்ணாச்சி, நீங்க அவங்ககிட்ட ஒரு எழுத்துகூடக் காட்டக் கூடாது. ஒண்ணுகூட. அவங்களே கேட்டாலும்."

"காட்ட மாட்டேன் மோளே."

"வடிவம்மாவும்."

"அது ரெண்டாவது சத்தியம். அத நீயே வாங்கிக்கோ" என்றேன். போனில் வாங்கினாள்.

6-4, ஞாயிறு

ரத்னாபாய் தன்னோடு கல் சுமந்த ஒருத்தியைக் கூட்டி வந்துவிட்டாள். திரவியம் சந்தையில் பத்து வருஷமாகப் பேசாமல் இருந்த தன் மச்சினனிடம் போய்ப் பேசி, இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார். என் பங்கு பாக்கி.

ஒரு வாரம் அலைந்தேன். மூன்று பேருக்கு எழுத்து தெரிந்திருந்தது. இரண்டு பேர் மிஷினுக்குப் பயந்தார்கள். ஒருவர் என் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு வரமாட்டேன் என்றார். கடைசியில் அடுத்த வீட்டுத் தாசம்மாள் ஞாபகம் வந்தது. சொந்த ஊர் குளச்சல் பக்கம். முப்பத்தைந்து வருஷம் தலைச்சுமையாக மீன் விற்றவள்.

"எந் தலைக்குள்ள என்ன இருக்கப்போவு அண்ணாச்சி? நெத்தோலியும் சாளையுமாத்தான் கெடக்கும்."

"அதத்தான் படம் எடுக்கணும்கா."

"எடுத்துட்டு மீன் கேக்கப்பிடாது" என்று சொல்லிவிட்டு ஒத்துக்கொண்டாள்.

24-4, வியாழன்

என் தலையையும் மறுபடி படம் எடுத்தார்கள். கணக்கில் சேராது, தனியாகப் பார்த்து வைக்கலாம் என்று பெரிய டாக்டர் சொன்னாராம். குழாய்க்குள் டம டம என்று அதே சத்தம். எதிரே முகங்களும் வீடுகளும் எழுத்துகளும் மாறி மாறி வந்தன. அக்டோபரில் எழுத்து வந்தபோது வெறும் கிறுக்கலாக இருந்தது. இன்று ஒவ்வொன்றையும் மனதுக்குள் கூப்பிட்டேன்.

பிறகு ஷீனா திரையில் காட்டினாள். அக்டோபர்த் தலை ஒரு பக்கம், இன்றைய தலை ஒரு பக்கம். இன்றைய தலையில் இடது பக்கம், கீழே, காதுக்குப் பின்னால் வருகிற இடத்தில் ஒரு உளுந்து அளவுக்குச் செக்கச் சிவப்பு. அக்டோபரில் அது இல்லை.

"ஒரு ஆளை வச்சு ஒண்ணும் தெளிவாகாது அண்ணாச்சி" என்றாள். ஆனால் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் நின்றேன். காதுக்குப் பின்னால் விரல் வைத்துத் தடவிப் பார்த்தேன். வெளியே ஒன்றும் தெரியவில்லை.

4-5, ஞாயிறு

புதியவர்கள் மூன்று பேருக்கும் மிஷின் முடிந்து, வெள்ளிக்கிழமை சீட்டு குலுக்காமலே படத்தில் சேர்த்துவிட்டார்கள். ஆள் குறைந்தது படக்காரர்களில்தானே. அதைச் சொல்லியே அவர்களிடம் சம்மதம் வாங்கினார்கள். தாசம்மாளுக்கு நவம்பரில்தான் எழுத்து. அவள் வருகிற நேரங்களில் இந்த நோட்டை எடுப்பதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன்.

இன்று கதவைத் தட்டினாள். கையில் அவள் பேரன் கல்யாணப் பத்திரிகை. ஊரிலிருந்து வந்திருக்கிறது. மஞ்சள் அட்டை, தமிழில் அடித்தது.

"இதுல எம் பேரு போட்டிருக்காம் அண்ணாச்சி. எங்கன்னு ஒண்ணு தொட்டுக் காட்டும்."

வாங்கின உடனே தெரிந்துவிட்டது. மேலிருந்து நாலாவது வரி. விரலை வைத்தால் போதும், அரை நிமிஷம். ஆனால் எனக்குத் தெரியும், விரலை வைத்தால் அவள் அதைப் பார்ப்பாள். பார்த்தால் விடமாட்டாள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு கிழவிக்கு அவள் பெயரைக் காட்டாமல் இருப்பது பாவம் இல்லையா? பாவம்தான் என்று தோன்றியது. வடிவு அடுக்களை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லப் பிடிக்கவில்லை.

"போட்டிருக்குக்கா. பெருசாவே போட்டிருக்கு. ஆனா நவம்பர் வரைக்கும் காட்ட மாட்டேன். அந்தப் பிள்ளைக்கு வாக்குக் குடுத்திருக்கேன். நீயுந்தான சம்மதிச்ச?"

பத்திரிகையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். "படிச்ச ஆளுகளுக்கெல்லாம் இதே குணம்தான். நாலு எழுத்து தெரிஞ்சா ஒடனே நெஞ்சு கல்லாப் போயிரும்" என்று படி இறங்கிப் போனாள்.

வடிவு சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். எனக்கு வருத்தம்தான். ஆனால் உட்கார்ந்து யோசித்தால், என்னைப் படித்த ஆள் என்று சொன்ன முதல் மனுஷி தாசம்மாள்.

வியாழக்கிழமை அவளுக்கு முதல் வகுப்பு. பஸ் வழி தெரியாது, கோபத்தில் இருந்தாலும் நான்தான் கூட்டிப் போக வேண்டும். கேட் வரைக்கும்தான் போகலாம், உள்ளே வரக் கூடாது என்று ஷீனா சொல்லியிருக்கிறாள். வெளியே மரத்தடியில் இருப்பேன். போகும்போதும் வரும்போதும் அவள் எத்தனை தடவை கேட்டாள், நான் எத்தனை தடவை வாயை மூடிக்கொண்டேன் என்பதை வெள்ளிக்கிழமை காலையில் இங்கே எழுதுகிறேன்.